மனை பிரிக்கும் முன் மருத்துவர் வரட்டும்

சென்னைக்குள் அடுக்குமாடியில் ஒரு வீடா, ஊருக்கு வெளியே மனை வாங்கித் தனி வீடா? என் மகள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இன்று இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே போனால் வாடகை, நெரிசல், தண்ணீர் லாரி. வெளியே வந்தால் நல்ல காற்று, சொந்தக் கிணறு, வாசலில் வேப்பமரம். ஆனால் வேலைக்குப் போய்வருவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். இரண்டு வாழ்க்கையும் தெரிந்தவள் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைபார்த்த காலத்தில் பெரும்பகுதி குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தேன். இப்போது பிறந்த ஊரான திருமுக்கூடலுக்கே வந்துவிட்டேன்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தால், எவ்வளவு நேரத்தில் ஒரு மருத்துவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்? இதற்குப் பதில் இருக்கும் இடம் எதுவோ அதுவே குடியிருக்கத் தகுந்த இடம். அது நகரமாக இருந்தாலும் சரி, புறநகராக இருந்தாலும் சரி, எங்கள் ஊர் மாதிரி கிராமமாக இருந்தாலும் சரி. பதில் இல்லாத இடத்தில் மனை பிரித்து விற்க அரசு அனுமதி தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சுவரில் உள்ள பட்டியல்

திருமுக்கூடல், காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். எதிர்க்கரையில் பழையசீவரம், அங்கே மலைமேல் லட்சுமி நரசிம்மர். இந்தக் கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள். கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 55 வரிகள்.

சின்ன வயதில் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது நான் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வேதமும் இலக்கணமும் சொல்லித்தரும் கல்லூரி ஒன்று இங்கே இருந்திருக்கிறது. மாணவர்களுக்கு விடுதி, சாப்பாடு, பாய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை பறித்து விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனித்து மருந்து காய்ச்சித் தரும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். அவரவருக்கு ஊதியம் நெல்லாகவும் காசாகவும் எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. நோயாளிக்கு நாளுக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி விளக்கெரிக்க எண்ணெய். ஆண்டு முழுக்க இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. வாசா அரீதகி, தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று அது நீள்கிறது.

வார்டு பொறுப்பு பார்த்தவள் இதைப் படித்தால் மனம் நிறையும். இத்தனை படுக்கைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து இருப்பு, நோயாளிக்கு உணவு, இரவுப் பணிக்கு விளக்கு. ஒரு மருத்துவமனையை நடத்துகிறவர் எதை எதை யோசிக்க வேண்டுமோ அதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்களின் பெயர் கல்வெட்டில் இல்லாமல் போனாலும், அவர்களுடைய வேலைக்கு ஓர் இடமும் ஊதியமும் ஒதுக்கியிருக்கிறார்கள். செலவுக்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்: வயலைக்காவூரின் வருவாயை இதற்கு விட்டிருக்கிறார்கள். இன்றும் உத்திரமேரூர் வட்டத்தில் வயலக்காவூர் என்று அந்த ஊர் இருக்கிறது.

குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த 15 படுக்கைகள் ஊரில் எல்லோருக்குமானவை அல்ல. கல்லூரியில் படித்தவர்களுக்கும் கோயிலில் வேலை செய்தவர்களுக்கும்தான். வயலில் நாற்று நட்டவளுக்கு அங்கே படுக்கை கிடைத்ததாக அந்தக் கல் சொல்லவில்லை. அதனால் பழங்காலம் பொற்காலம் என்று நான் பாடவரவில்லை. ஓர் ஊரில் நாலு பேர் வந்து தங்கிப் படிக்கப்போகிறார்கள் என்றால், அவர்களுக்கு உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பது, அதற்கான பணம் எந்த ஊர் வருவாயிலிருந்து வருவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருக்கிறார்கள். ஏறத்தாழ 950 ஆண்டுகள் கழித்து, ஆயிரம் குடும்பம் வந்து இறங்கப்போகும் இடத்தில் அதே கேள்வியைக் கேட்காமல் மனை பிரிக்கிறோம். எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

ரயில் வளர்த்த புறநகர்

புறநகர் என்றாலே குறைதான் என்று சொல்லிவிட முடியாது. நான் வாழ்ந்த குரோம்பேட்டையே ஒரு நல்ல புறநகர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் மாம்பலமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் வளர்ந்தன. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. வழியிலேயே காய்கறி, பால், மருந்துக் கடை. இரவுப் பணி முடிந்து விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு பயமில்லாமல் வீட்டுக்கு நடந்து போவேன். தனியாகப் பிள்ளையை வளர்த்த ஒரு பெண்ணுக்கு அந்த நடை எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பக்கம். அரசு மருத்துவமனை பக்கம். வீடு சின்னது, வாடகை கழுத்தைப் பிடிக்கும்; ஆனால் வாசலைத் தாண்டினால் எல்லாம் கைக்கெட்டும்.

காஞ்சிபுரமும் அப்படித்தான் அமைந்த ஊர். 1914-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ் காஞ்சியின் அமைப்பைப் பார்த்து ஒரு நல்ல நகரத் திட்டம் என்று பாராட்டினார். எனக்கு அதை விளக்கப் பிள்ளையார்பாளையம் போதும். என் பெரியம்மா வீடு அங்கே நெசவாளர் தெருவில். விடியும் முன்பே தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். அதுவரை அந்தத் தெருவில் சைக்கிள்கூடப் போகாது. யாரும் சொல்லாமலே சுற்றிப் போவார்கள். வீட்டுக்குள் தறி, திண்ணையில் தார் சுற்றும் பாட்டி, வாசலில் பாவு. ஒரு புடவைக்குத் தறி எவ்வளவு அவசியமோ அந்த நீண்ட நேரான தெருவும் அவ்வளவு அவசியம். வீட்டையும் வேலையையும் தெருவையும் ஒன்றாகச் சேர்த்து யோசித்தவர்கள் கட்டிய ஊர் அது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பட்டை நெய்யக் காரணமான தெருக்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கார் நிற்கிற தெருவில் பாவு நீட்ட முடியாது.

கம்பெனி வந்தது, ஊர் வரவில்லை

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்னும் எத்தனையோ. எங்கள் பகுதியில் தறியில் உட்கார வேண்டிய பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். மாதச் சம்பளம், பிஎஃப், தீபாவளி போனஸ். அதைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்து, முப்பது வயதிலேயே முதுகு பிடித்துக்கொண்ட நெசவாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

கம்பெனிகளின் பின்னாலேயே மனை விளம்பரம் வந்தது. வாலாஜாபாத் சாலையில் இருபுறமும் கொடி கட்டிய காலி மனைகள். 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு, எங்கேயோ இருக்கிற நஞ்சை நிலத்தையும் விமான நிலையத்துக்கு அருகில் என்று சொல்லி விற்கிறார்கள். அங்கே ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரியும் வயலும் போகக் கூடாது என்று போராடிக்கொண்டிருக்கும்போது, இங்கே அந்த விமான நிலையத்தின் பெயரில் மனை விற்பனை நடக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். பல கிராமங்கள் வரைபடத்தில் ஒரே நாளில் பெருநகரம் ஆகிவிட்டன. அந்தக் கிராமங்களில் செவிலியர் எண்ணிக்கை அன்றைக்கு ஒன்றுகூடக் கூடவில்லை.

சட்டம் ஒன்றுமே கேட்பதில்லை என்று சொல்ல முடியாது. ஒரு எல்லைக்கு மேற்பட்ட பரப்பில் மனை பிரித்தால் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும். சாலை இவ்வளவு அகலம் இருக்க வேண்டும். 2016-இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு மக்களுக்கும் அங்கீகாரம் கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பூங்காவுக்கும் சாலைக்கும் இடம் கேட்கிற விதி, அங்கே குடிவரப்போகிற கர்ப்பிணி எங்கே போய் ஊசி போட்டுக்கொள்வாள் என்று கேட்பதில்லை. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை.

வரிசை மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாற்றின் வெள்ளம் போகும் இடத்தில் எழுந்திருந்த முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளிலிருந்து மக்களைப் படகில் மீட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிய தரைத்தள வீட்டில் வாழ்நாள் சேமிப்பும் நனைந்து போனவர்கள் பலர். ஆறு எங்கே போகும் என்று பார்க்காமல் மனை பிரித்ததன் விலை அது. அடுத்தது, 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். அதன் எதிரிலேயே ரயில் பாதை ஓடுகிறது. ரயில் நிலையம் மட்டும் அப்போது தயாராகவில்லை. பொங்கலுக்கு மூட்டையோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கியவர்கள் பட்ட பாட்டைத் தமிழ்நாடே பார்த்தது. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. கூட வர வேண்டியது வரவில்லை.

நகரம் தருவது என்ன?

கிராமத்துக்குத் திரும்பியவள் என்பதால் நகரத்தைத் திட்டுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நகரம் பெண்ணுக்குத் தருகிற ஒன்றைக் கிராமம் இன்னமும் தரவில்லை. குரோம்பேட்டையில் நான் எத்தனை மணிக்கு வருகிறேன், யாரோடு பேசுகிறேன் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. சாதியின் கதையும் அதுதான். கிராமத்தில் ஊர்த் தெரு என்றும் காலனி என்றும் பிரிந்து கிடப்பது இன்றும் மறையவில்லை. பிறந்த தெருவை வைத்து மனிதனை எடைபோடும் இடத்திலிருந்து தப்பிக்கத்தான் எத்தனையோ பேர் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். அங்கேயும் வாடகைக்கு வீடு கேட்டால் சுற்றிவளைத்துச் சாதி கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் அலுவலகத்திலும் ரயிலிலும் ஹோட்டலிலும் அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு நாளைக் கழிக்க முடிகிறது. சுத்தமான காற்றை மட்டும் சொல்லி ஒருவரைக் கிராமத்துக்குக் கூப்பிடும்போது, அவர் எந்தத் தெருவில் குடியிருக்க முடியும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிராமம் தருவதும் குறைந்ததல்ல. எங்கள் ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மறுநாளே தெரிந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு வந்து, ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு வருவார். சாலவாக்கத்திலிருந்தும் காவாந்தண்டலத்திலிருந்தும் பெருமாள்கள் வருவார்கள். எல்லோரும் சேர்ந்து காட்சி தரும் அந்த ஒரு நாள் வெளியூரிலிருக்கும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். தாத்தாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, பேத்திக்கு எடை கூடியிருக்கிறதா என்று அன்றைக்கு என் வாசலில் ஒரு வரிசை நிற்கும். சந்தோஷமாகப் பார்ப்பேன். ஆனால் ஒரு ஓய்வுபெற்ற செவிலியரின் வாசல் ஊருக்கு மருத்துவமனை ஆகிவிட முடியாது.

எங்களிடமிருந்து போவது

புறநகர் வாழ்க்கை மலிவு என்கிறார்கள். யாருக்கு மலிவு? குரோம்பேட்டைக் குழாயில் நான் குடித்தது பாலாற்றுத் தண்ணீர். பல்லாவரம், தாம்பரம் பகுதிகளுக்கு ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து குழாயில் போகிறது. எங்கள் பக்கத்துப் பாலாற்றில் மணலை அள்ளி அள்ளி ஆறு பள்ளமானது. மணல் போன பிறகு கல் போகிறது. திருமுக்கூடலைச் சுற்றியிருக்கும் குவாரிகளிலும் கிரஷர்களிலும் மலையை உடைத்து ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அனுப்புகிறார்கள். நகரத்தின் புதிய வீடுகளில் பலவற்றின் தூணில் எங்கள் மலை இருக்கிறது.

காலையில் டிப்பர் லாரிகள் வரிசையாகப் போன பிறகு துளசிச் செடியைத் தொட்டுப் பாருங்கள். விரலில் வெள்ளையாகத் தூசு ஒட்டும். அதே தூசைத்தான் சாலையோரப் பிள்ளைகள் மூச்சில் இழுக்கிறார்கள். கல் உடைக்கும் தூசில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது என்று செவிலியர் படிப்பின் தொடக்கத்திலேயே சொல்லித்தருவார்கள். இருமலும் இளைப்புமாக வருகிற பிள்ளையின் முதுகில் காதை வைத்தாலே எனக்கு விசில் சத்தம் கேட்கிறது. 2021 பிப்ரவரியில் பக்கத்து மதூரில் கல்குவாரி சரிந்து தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள், உயிர் போனது. அதே ஆண்டு நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் உடைந்தது. அக்கரை மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் எட்டாமல் போயின. தண்ணீரும் மணலும் கல்லும் இங்கிருந்து போக வழி இருக்கிறது. மருத்துவர் இங்கே வருவதற்கு மட்டும் வழி இல்லை என்றால் அது என்ன நியாயம்?

ஒரு ராத்திரி

சென்ற ஆண்டு நெல் நட்ட சமயம். மும்முனை மின்சாரம் ராத்திரிதான் வந்தது. மோட்டார் போடப் போன பக்கத்து வீட்டுக்காரர் வரப்பில் எதையோ மிதித்துவிட்டார். அவர் மனைவி ஓடிவந்து கதவைத் தட்டினாள். "நர்சம்மா, இவர இன்னாவோ கடிச்சிடுச்சிம்மா, சீக்கிரம் வாங்கம்மா." போய்ப் பார்த்தேன். கணுக்காலில் பல் பட்ட தடம், சுற்றி வீக்கம். யாரோ துண்டை எடுத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டேன். காலை அசைக்காமல் இரண்டு மட்டையை வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் கட்டிலோடு தூக்கிவந்தோம். 108-க்குச் சொல்லியாயிற்று. வண்டி வரும்வரை அவர் கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாம்புக் கடியில் விஷமுறிவு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்குச் சிறுநீரகமும் உயிரும் தப்பும். வண்டி வந்தது, பாலம் தாண்டியது, மருந்து கிடைத்தது, பிழைத்தார்.

2008-இல் 108 வந்தது எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பெரிய வரம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. அதே ஆண்டு முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பரிசோதனைக்குப் போகத் தயங்கியவர்கள் இப்போது போகிறார்கள். இந்த மூன்றும் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை யாரும் மாற்ற முடியாது, ஊருக்கு என்ன வந்து சேர வேண்டும் என்பதை அரசு நினைத்தால் மாற்ற முடியும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. மனைகள் நிரம்பி மக்கள்தொகை கூடிய பிறகு கணக்கெடுத்து, கோப்பு நகர்ந்து, கட்டடம் எழுந்து, பணியிடம் நிரம்புவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். கணக்கை மனை பிரிக்கும் அன்றே போட வேண்டும்.

பணம் எங்கே என்கிறவர்களுக்கு

முதலில் மக்கள் வரட்டும், வந்தால் வசதிகள் தானாக வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளரிடமும் கேட்டுப் பாருங்கள். பாவு ஏற்றாத தறியில் ஊடையை ஓட்ட முடியாது. பள்ளி, மருத்துவமனை, பஸ், வடிகால் எல்லாம் பாவு, வீடுகள் ஊடை.

பணம் இல்லை என்பதும் சரியான பதில் இல்லை. விவசாய நிலம் மனையாக மாறும் அந்த ஒரே கையெழுத்தில் நிலத்தின் விலை எத்தனையோ மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உழவரும் உண்டாக்கவில்லை, மனை விற்பவரும் உண்டாக்கவில்லை. சாலையும் ரயிலும் கம்பெனியும் மக்கள் கூடுவதும் சேர்ந்து உண்டாக்கியது. இங்கிலாந்தில் எபினேசர் ஹோவர்ட் 1898-லேயே இதைச் சொன்னார். நிலத்தின் விலை ஏற்றம் அந்த ஊரின் பொதுத் தேவைக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் கண்ட தோட்ட நகரத்தின் அடிப்படை. 1903-இல் லெட்ச்வொர்த் என்ற ஊரை அந்தக் கொள்கையில் கட்டத் தொடங்கினார்கள். அங்கே நில வருமானம் இன்றும் ஊருக்கே செலவாகிறது. நமக்கு அது அந்நியமான யோசனையும் இல்லை. வயலைக்காவூர் வருவாய் திருமுக்கூடல் மருத்துவமனைக்கு வந்ததும் நிலத்தின் வருமானம்தான். இன்றைக்கும் சொத்து கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு 2 சதவீதம் சொத்து மாற்ற வரி வசூலாகிறது. அது உள்ளாட்சிகளின் பங்கு. ஓர் ஊராட்சியில் நூற்றுக்கணக்கில் மனை பதிவாகிறது என்றால் அந்த ஊராட்சியின் பங்கு எவ்வளவு, அது எதற்குச் செலவாயிற்று என்று அந்த ஊர் மக்கள் கேட்க வேண்டும்.

என் கோரிக்கைகள் நான்கு. மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும்போதே, மிக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைப் பள்ளி, பஸ் நிறுத்தம், வெள்ள நீர் போகும் வழி ஆகியவற்றின் தூரத்தை வரைபடத்தில் குறித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அவை எட்டாத தூரத்தில் இருந்தால், துணை சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்கி, பணியிடமும் அனுமதித்த பிறகே மனைகளைப் பதிவு செய்ய விட வேண்டும். அந்த மனைகளால் வரும் சொத்து மாற்ற வரியைத் தனிக் கணக்கில் வைத்து அங்கேயே செலவழிக்க வேண்டும். குவாரி நடக்கிற ஊர்களில் கனிம வருவாயின் ஒரு பங்கை நுரையீரல் பரிசோதனைக்கும் மருத்துவருக்கும் கட்டாயமாக ஒதுக்க வேண்டும். சென்னைக்குள் வாழ்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடிக்கிற தண்ணீரும் கட்டுகிற வீடும் எங்கிருந்து வருகிறதோ அந்த ஊருக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று அவர்களும் குரல் கொடுக்க வேண்டும்.

மனை வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பகலில் புரோக்கர் காரில் போய் இடம் பார்க்காதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கிற ஒரு தாயிடம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர்தான் எங்கள் வட்டத்தின் தலைமையிடம். ஊர் கூடி முடிவெடுப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. அடுத்த கிராம சபையில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் மனை பிரிகிற ஒவ்வொரு ஊராட்சியும் இதையே செய்தால், அனுமதிக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.